அரை ஷிப்டுக்கு இடமில்லை: புற்றுநோய்க்குப் பின் வேலை

புற்றுநோய் என்று உறுதியான ஒருவர் வேலைக்குப் போகலாமா, கூடாதா? சிகிச்சை பற்றிய கேள்விகள் ஓய்ந்ததும் நோயாளியோ உடன் வந்தவரோ மருத்துவரிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இதற்குப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. சமூகவியலாளர்கள் ஒரு பதில் சொன்னார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் வேறொன்று. நோயாளி இயக்கங்கள் இரண்டையும் மறுத்தன. பதில்களில் பெரும்பாலானவை அலுவலக மேசைகள் நிறைந்த நாடுகளில் உருவானவை. ஷிப்டு முறையில் ஓடும் ஒரு ஆலைப் பகுதியில் அவை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதே இங்கே ஆராயப்படுவது.

கேள்வி எழும் இடம்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் உள்ள படப்பையிலிருந்து மேற்கே போனால் ஒரகடம். அங்கிருந்து வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று ஆலைகள் விரிகின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. பிறகு லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கைப்பேசி. படப்பையும் சுற்றியுள்ள ஊர்களும் இந்த ஆலைகளுக்கு ஆள் தங்கும் ஊர்களாயின. வாடகை அறைகள், மெஸ்கள், காண்ட்ராக்டர் அலுவலகங்கள், விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம்.

இங்கே 'தொழிலாளி' என்பது ஒரே வகை ஆளல்ல. பர்மனென்ட், காண்ட்ராக்ட், ட்ரெய்னி, அப்ரென்டிஸ் என்று ஒரே லைனில் நால்வர் அடுத்தடுத்து நிற்பார்கள். நால்வருக்கும் ஒரே நோய் வந்தால் நால்வருக்கும் நான்கு எதிர்காலம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டபடி 2022இல் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 14 லட்சம் பேர். இவர்களில் ஆலைத் தொழிலாளர் எத்தனை பேர் என்பது பதிவேடுகளில் எளிதில் தெரிவதில்லை. பதிவேடு நோயாளியின் வசிப்பிடத்தைக் கொண்டு கணக்கிடுகிறது. திருவண்ணாமலையிலிருந்தோ கள்ளக்குறிச்சியிலிருந்தோ வந்து இங்கே வேலை பார்த்தவர் நோய் வந்ததும் ஊர் திரும்பிவிட்டால், சொந்த மாவட்டத்து எண்ணிக்கையில் சேர்ந்துவிடுகிறார். ஆலையின் கணக்கில் அவர் 'வேலையை விட்டு நின்றவர்', அவ்வளவுதான்.

ஓய்வுத் தரப்பு

முதல் பதில் ஓய்வு. இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ். 1951இல் வெளிவந்த நூலில் அவர் நோயாளிக்கு இரண்டு சலுகைகளையும் இரண்டு கடமைகளையும் வகுத்தார். அன்றாடப் பொறுப்புகளிலிருந்து விலக்கு உண்டு. நோய்க்கு அவரைக் குறை சொல்லக் கூடாது. பதிலுக்கு அவர் குணமாக விரும்ப வேண்டும். தகுந்த மருத்துவத்தை நாட வேண்டும். நம் வீடுகளில் "நீ சும்மா இரு, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லப்படுவதும் ஏறக்குறைய இதே ஒப்பந்தம்தான். அதில் அன்பும் இருக்கிறது. சில வீடுகளில் நோயின் பெயரை நோயாளியிடமிருந்தே மறைக்கும் வழக்கமும் இருக்கிறது.

இந்தப் பதிலின் பலவீனம், அது முடிவு தெரிந்த நோய்களை வைத்துக் கட்டப்பட்டது என்பது. காய்ச்சலுக்கு விலக்கு தரலாம், காய்ச்சல் விடும். புற்றுநோயில் சிகிச்சை முடிந்தாலும் பரிசோதனைகள் ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றன. தாமே புற்றுநோய்க்கு ஆளான மருத்துவர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன் 1985இல் இதைத்தான் சுட்டினார். குணமானவர், ஆகாதவர் என்று இரண்டாகப் பிரிப்பது பொருந்தாது. நோய் உறுதியானது முதல் அதனோடு வாழும் பருவங்கள் பல என்றார். 1990களுக்குப் பின் மருத்துவ அடிப்படையும் ஆட்டம் கண்டது. புற்றுநோயோடு வரும் களைப்பு படுத்திருப்பதால் தீர்வதில்லை, அளவான உடற்பயிற்சியால் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டின. ஆனால் அளவான நடை என்பதும் எட்டு மணி நேரம் லைனில் நிற்பது என்பதும் ஒன்றல்ல. ஓய்வுத் தரப்பை மறுப்பவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

வேலையே மருந்து என்போர்

இரண்டாவது பதிலுக்கு ஆதாரம் கொடுத்த முன்னோடிகளில் ஒன்று, சற்று விநோதமாக, ஒரு காப்பீட்டு நிறுவனம். அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் லைஃப், புற்றுநோய் வந்து குணமானவர்களைப் பணியில் அமர்த்திய தன் அனுபவத்தை 1974இல் வெளியிட்டது. வேலைத் திறனிலும் வருகையிலும் அவர்கள் மற்றவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர் என்பது அதன் முடிவு. அன்றைய முதலாளிகளின் அச்சத்துக்கு அது நேரடி மறுப்பு.

பிறகு பெரிய தொகுப்பாய்வுகள் வந்தன. நெதர்லாந்தின் டி புர் குழு 2009இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, புற்றுநோய் கண்டவர்களில் சுமார் 34 சதவீதம் பேரும் ஆரோக்கியமானவர்களில் சுமார் 15 சதவீதம் பேரும் வேலையின்றி இருந்தார்கள். 2011இல் மேனெர்ட் செய்த தொகுப்பில் சராசரியாக 63.5 சதவீதம் பேர் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். ஆனால் ஆய்வுக்கு ஆய்வு இது 24 முதல் 94 சதவீதம் வரை மாறியது. இவ்வளவு விரிந்த இடைவெளியில் சராசரிக்குப் பெரிய பொருள் இல்லை. எந்தப் புற்று, எந்த நிலை, எந்த நாடு, எந்த வேலை என்பவையே விடையைத் தீர்மானிக்கின்றன. உடலுழைப்பு வேலை செய்வோர் திரும்புவது கடினம் என்பது ஏறக்குறைய எல்லா ஆய்வுகளிலும் தென்படுகிறது.

இத்தரப்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வேலைக்குத் திரும்பியவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்றால், வேலை நலம் தந்ததா, நலமாக இருந்தவர்கள்தான் திரும்பினார்களா? இரண்டையும் பிரித்துக் காட்டிய ஆய்வுகள் சொற்பம்.

தமிழ்நாட்டில் இத்தரப்பின் உதாரணமாக எல்லோர் நினைவிலும் இருப்பவர் காஞ்சிபுரத்துக்காரரான அண்ணா. உணவுக்குழாய்ப் புற்றுக்கு 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பிய முதலமைச்சர், மீண்டும் பொறுப்புகளைப் பார்த்தார். 1969 ஜனவரி 14 அன்று மாநிலம் 'தமிழ்நாடு' ஆனது. பிப்ரவரி 3 அன்று அவர் மறைந்தார். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அவர் பெயரில் இயங்கும் அரசு புற்றுநோய் மருத்துவமனைதான் இன்று ஒரகடம் பகுதி நோயாளிகள் பலருக்குப் போக்கிடம். கடைசிவரை உழைத்தவர் என்று அவரைப் போற்றுவது நியாயமே. ஆனால் ஒரு முதலமைச்சர் கூட்டத்தைத் தள்ளிவைக்கலாம், கோப்பை வீட்டுக்கு வரவழைக்கலாம். லைனில் நிற்பவரால் லைனை நிறுத்த முடியாது. தலைவர்களின் மன உறுதியைச் சாதாரணத் தொழிலாளிக்கு அளவுகோலாக வைப்பது அநியாயம். நோயாளி எப்போதும் நம்பிக்கையோடு சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே ஒரு சுமை என்று 2001இல் பார்பரா எரன்ரைக், தம் மார்பகப் புற்று அனுபவத்திலிருந்து கடுமையாக எழுதியதும் இந்த இடத்தில் நினைக்கத்தக்கது.

உடலும் லைனும்

கோட்பாடுகளைச் சற்று ஒதுக்கிவிட்டு, சிகிச்சை கைகால்களில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ என்று வைத்துக்கொள்வோம். முதல் சில நாள் குமட்டலும் அசதியும். ஏறத்தாழ இரண்டாவது வாரத்தில் ரத்த வெள்ளணுக்கள் குறையும். நெரிசலான கேன்டீனும் கம்பெனி பஸ்ஸும் அப்போது ஆபத்து. மூன்றாவது வாரத்தில் பலர் ஓரளவு பழைய நிலைக்கு வருகிறார்கள். அதாவது 'வேலை செய்ய முடியுமா' என்ற கேள்விக்கு ஒரே நோயாளியிடம் ஒரே மாதத்தில் மூன்று பதில்கள் உண்டு.

மருந்துக்கு மருந்து தொல்லை மாறுகிறது. குடல் புற்றுக்குக் கொடுக்கப்படும் ஆக்ஸாலிபிளாட்டினுக்குப் பின் சில நாள் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல்களில் ஷாக் அடித்தாற்போல் இருக்கும். ஏசி ஓடும் அறையில் இரும்புப் பாகத்தைக் கையில் எடுப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. பாக்லிடாக்சல் விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும். கைப்பேசியின் சின்னஞ்சிறு ஸ்க்ரூவை எடுத்துப் பொருத்துவதே வேலை என்றால், வேலையே அந்த நுனியில்தான் இருக்கிறது. மார்பகப் புற்று அறுவையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குக் கை வீங்கும் அபாயம் உண்டு. கேபசிடபின் மாத்திரை உள்ளங்கைத் தோலை உரித்து ரேகையையே அழித்துவிடலாம். அப்படி ரேகை அழிந்த சிங்கப்பூர் நோயாளி ஒருவர் அமெரிக்க விமான நிலையத்தில் நிறுத்திவைக்கப்பட்டதை 2009இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. கேட்டில் விரல் வைத்து வருகை பதியும் ஆலைகளுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல.

'கரண்ட்' என்று மக்கள் சொல்லும் கதிர்வீச்சு வேறு வகைச் சிக்கல். மேசையில் படுப்பது சில நிமிடம். ஆனால் வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று முதல் ஆறேழு வாரம். படப்பையிலிருந்து காரப்பேட்டைக்கோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ போய்வரும் பொழுதையும் காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு ஷிப்டின் பெரும்பகுதி போய்விடும்.

உரிமை என்ற வாதம்

மூன்றாவது தரப்பு கேள்வியையே திருப்பிப் போடுகிறது. நோயாளி வேலைக்கு ஏற்றவரா என்று கேட்காதீர்கள், வேலை நோயாளிக்கு ஏற்றதாக மாற்றப்பட்டதா என்று கேளுங்கள் என்கிறது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், புற்றுநோய் உறுதியான நாளிலிருந்தே ஒருவரை மாற்றுத்திறனாளியாகக் கருதுகிறது. வேலை நேரத்தையும் வேலை முறையையும் நியாயமான அளவுக்கு மாற்றித் தருவது முதலாளியின் கடமை.

இந்தியாவில் நிலை வேறு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது. ரத்தம் உறையாமை நோய் அதில் உண்டு, புற்றுநோய் இல்லை. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சொல்லும் 20ஆவது பிரிவும் அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்று 2017இல் தனிச் சட்டமே வந்தது. அதற்கு வழிகாட்டிய தீர்ப்புகளில் ஒன்று 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம் வழங்கியது. தொற்று இருப்பது காரணமாகாது, வேலையைச் செய்ய முடிகிறதா என்பதே அளவுகோல் என்றது அது. புற்றுநோயாளிக்கும் இதே அளவுகோல் ஏன் கூடாது என்பதற்கு நல்ல பதில் யாரிடமும் இல்லை.

இதற்கு நேர் எதிராக, 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறு சட்டம் 'தொடர்ந்த உடல்நலக் குறைவு' காரணமாக ஒருவரை நீக்குவதை ஆட்குறைப்பு என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருந்தது. அதாவது ஆட்குறைப்புக்கான இழப்பீடு அவருக்கு இல்லை. பார்வை குறைந்த ராஜஸ்தான் அரசு பஸ் ஓட்டுநர்கள் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் இந்த விலக்கை ஏற்றுக்கொண்டே, அவர்களுக்கு மாற்று வேலையோ இழப்பீடோ தர வழி செய்தது. சட்டத்தின் எழுத்து கடுமையாக இருந்தபோது நீதிமன்றம் நியாயத்தைத் தேடிப் போன இடம் அது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. நோயாளித் தொழிலாளி விஷயத்தில் நீதிமன்றங்கள் அவற்றை எப்படிப் படிக்கும் என்பது இனிதான் தெரியும்.

உரிமைத் தரப்பின் பெரிய குறை, அது காகிதத்தில் வேலை உள்ளவரை மட்டுமே காக்கும் என்பது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத காண்ட்ராக்ட் தொழிலாளி, தான் நோயால் நீக்கப்பட்டேன் என்று நிரூபிக்க வழியே இல்லாமல் நீங்கிவிடுகிறார்.

பணம் என்ற வாதம்

நான்காவது தரப்பு இவ்வளவு நுணுக்கத்துக்கு எல்லாம் போவதில்லை. வேலையை விடலாமா என்பதைத் தீர்மானிப்பது மனமோ சட்டமோ அல்ல, அடுத்த மாத வாடகை என்கிறது. இந்தத் தொழிற்பகுதியைப் பொறுத்தவரை நான்கில் இதுவே உண்மைக்கு அருகில் இருப்பதாகத் தோன்றுகிறது. இங்கே இந்தியாவிடம் பெருமைப்பட ஒரு பழைய ஏற்பாடும் உண்டு: 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி, இப்போது புதிய சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்ட இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இதில் வருவார். அவர் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். பட்டியலிட்ட நீண்டகால நோய்களுக்கு, புற்றுநோய் உட்பட, 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம். 18,000 ரூபாய் சம்பளக்காரருக்கு இது மாதம் 14,400. உதவி பெறும் காலத்தில் அவரை வேலை நீக்கம் செய்யக் கூடாது என்று 1948 சட்டத்தின் 73ஆவது பிரிவு சொன்னது. உலகத்தின் பல நாடுகளோடு ஒப்பிட்டாலும் இது மோசமான ஏற்பாடல்ல.

ஓட்டைகள் விளிம்பில் இருக்கின்றன. நீட்டித்த உதவிக்கு இரண்டு ஆண்டு தொடர்ச்சியான வேலையும் அந்தக் காலத்தில் 156 நாள் சந்தாவும் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு காண்ட்ராக்டர் என்று மாறுபவருக்குத் தொடர்ச்சியைக் காட்டுவதே பாடு. அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் சேர்க்கப்பட்டவர் இ.எஸ்.ஐ.க்குள் வருவதே இல்லை. சம்பளம் 21,000ஐத் தாண்டிய பர்மனென்ட் தொழிலாளிக்கு கம்பெனியின் குழுக் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளும். வராத நாளுக்குச் சம்பளம் நிர்வாகத்தின் மனத்தையும் தொழிற்சங்க ஒப்பந்தத்தையும் பொறுத்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். மாதம் 12,000 வாங்குகிற ட்ரெய்னிகூட அந்தக் கோட்டுக்கு வெளியே.

ஆனால் விளிம்பை விட மையத்தில் இருக்கும் குறையே பெரிது. இ.எஸ்.ஐ. உதவி, வேலைக்கு வராத நாளுக்கு மட்டுமே. வேலை செய்த நாளுக்கு, அது இரண்டு மணி நேரமாக இருந்தாலும், உதவி இல்லை. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி தரும் சான்று 'தகுதியில்லை' அல்லது 'தகுதி' என்ற இரண்டில் ஒன்று. நாள் கணக்கில் பிரித்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. மணிக் கணக்கில் இல்லை. கீமோவின் மூன்றாவது வாரத்தில் நான்கு மணி நேரம் நிற்க முடிகிற ஒருவருக்கு இரண்டே வழி. முழு ஷிப்டு நிற்கலாம்; அல்லது வீட்டிலேயே இருக்கலாம்.

ஜெர்மனியில் 'ஹாம்பர்க் முறை' என்ற ஏற்பாட்டில், சட்டப்படி நோய் விடுப்பில் இருந்து நோய்க்கால உதவியும் வாங்கிக்கொண்டே ஒருவர் தினம் இரண்டு மணி, பிறகு நான்கு மணி என்று படிப்படியாக வேலைக்குத் திரும்பலாம். பிரிட்டன் 2010இல் மருத்துவச் சான்றையே மாற்றி, 'சில மாற்றங்கள் செய்தால் வேலை செய்யலாம்' என்ற மூன்றாவது விடையைச் சேர்த்தது. ஜப்பான் 2018இல் நோயாளியின் வேலை பற்றி நிறுவனத்தோடு ஒருங்கிணைக்கும் மருத்துவமனைக்குத் தனிக் கட்டணம் வகுத்தது. மூன்றும் பணத் தரப்பையும் உரிமைத் தரப்பையும் இணைக்கும் முயற்சிகள். சிறு பட்டறைகளில் இவை எவ்வளவு நடக்கின்றன என்பது விவாதத்துக்குரியது.

கணக்கில் வராத இரண்டாவது ஷிப்டு

நான்கு தரப்புகளும் 'வேலை' என்று கூலி வேலையை மட்டுமே எண்ணுகின்றன. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஓய்வு எழுதித் தரும் சான்று சமையலறையில் செல்லாது. தண்ணீர் பிடிப்பது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, மாமியாருக்கு மாத்திரை கொடுப்பது எல்லாம் நோய் விடுப்பிலும் தொடரும். ஆலைக்குப் போவதே வீட்டிலிருக்கும் அசதிக்கு மாற்று என்று சிலர் கருதக்கூடும் என்பதையும் தள்ளிவிட முடியாது.

விடுதியில் தங்கும் பெண்களுக்குச் சிக்கல் தலைகீழ். வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த குடியிருப்பில் 18,720 பெண்கள் தங்கலாம். வேலைக்கு வரும் உடலுக்கான ஏற்பாடு அது. பத்துப் பதினைந்து நாள் படுக்க வேண்டிய உடலுக்கு, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டிய உடலுக்கு, பகிர்ந்த அறையில் இடம் எங்கே? ஊர் திரும்புவதே நடக்கும். திரும்பிய பிறகு இந்தத் தொழிற்பகுதிக்கு வரும் வழி அநேகமாக மூடிவிடும்.

திறந்து கிடப்பவை

சில கேள்விகள் உண்மையிலேயே தீராதவை. லைனில் அரை ஷிப்டு ஆளை எப்படிப் பொருத்துவது? மீதி அரை ஷிப்டுக்கு யார் நிற்பது? தரப் பரிசோதனை, ஸ்டோர்ஸ், பயிற்சி போன்ற இடங்களுக்கு மாற்றலாம் என்பார்கள். அந்த இடங்கள் குறைவு, அவையும் பெரும்பாலும் பர்மனென்ட் ஆட்களுக்கே. நோயை நிர்வாகத்திடம் சொன்னால் நன்மையா, தீமையா என்பதிலும் ஒருமித்த முடிவு இல்லை; சொல்லாமல் சலுகை கேட்க முடியாது, சொன்ன பிறகு அதை அழிக்க முடியாது. இரவு ஷிப்டைப் பொறுத்தவரை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் மீண்டும் 2019இலும் வகைப்படுத்தியது நோய் வருவதைப் பற்றி. நோய் வந்தவரை அது என்ன செய்கிறது என்பதற்குச் சான்று மெலிவு. ஆனாலும் சிகிச்சையில் இருப்பவரை 'சி' எனப்படும் இரவு ஷிப்டிலிருந்து விடுவிப்பதற்கு அவ்வளவு சான்று தேவையில்லை என்பது என் கருத்து.

சில விஷயங்கள் திறந்து கிடப்பவை அல்ல, கிடப்பில் போடப்பட்டவை. நின்று வேலை செய்வோருக்கு இடையில் உட்கார வசதி வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆவது பிரிவு 1948லேயே சொல்லிவிட்டது. 2021இல் கடை ஊழியர்களுக்கு இருக்கை உரிமை தந்த தமிழ்நாட்டில் ஆலைக்கும் அதைக் கறாராகக் கேட்பது புதுக் கோரிக்கை ஆகாது. 40 வயதைக் கடந்த தொழிலாளருக்கு ஆண்டு மருத்துவப் பரிசோதனை என்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒட்டி அரசு அறிவித்தது. பரிசோதித்தால் நோய் முன்பைவிட அதிகம் தெரியவரும், தெரிந்தவரை என்ன செய்வது என்பதற்கும் விதி வேண்டும்.

ஓய்வா வேலையா என்ற பழைய கேள்வி இங்கே தவறாகக் கேட்கப்படுகிறது என்பதே இவற்றைப் பார்த்தபின் படும் முடிவு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பகுதிக்குப் பணம் தர எவரும் இல்லாததால்தான் நோயாளி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். இதற்குப் பெரிய புதுச் சட்டம் வேண்டியதில்லை. வேலை செய்த மணிக்குச் சம்பளம், செய்ய முடியாத மணிக்கு உதவி என்று இ.எஸ்.ஐ. விதியில் ஒரு திருத்தம் போதும். இ.எஸ்.ஐ. கழகத்திடம் கையிருப்பு நிதியும் உண்டு. ஒரகடத்தில் ஏதேனும் ஓர் ஆலையில், காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து, ஓராண்டு இதை நடத்திப் பார்க்கலாம். அதுவரை, நோய் தெரிந்த அதிர்ச்சியில் ராஜினாமாக் கடிதம் எழுத உட்காரும் தொழிலாளி, எழுதுவதற்கு முன் தம் இ.எஸ்.ஐ. சந்தா நாட்களை எண்ணிப் பார்த்து, டிஸ்பென்சரியில் நீட்டித்த நோய்க்கால உதவி பற்றி வாய்விட்டுக் கேட்க வேண்டும்.